உள்ளபடி எடுத்த சீன்

போர்த் தொடர்களில் ஒரு சிப்பாய் சாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் சோறு வடித்துக் குழம்பும் தாளித்து இறக்கிவிடுவேன். நெஞ்சில் மூன்று குண்டு வாங்கிய பிறகும் அவன் நண்பன் மடியில் படுத்துக்கொண்டு, தாய்மண்ணைப் பற்றிக் கொஞ்சம், தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம், கட்டிக்கொள்ள இருந்தவளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் தலையைச் சாய்ப்பான். சட்டையில் ரத்தம் இருக்கும், கசங்கல் இருக்காது. என் வீட்டுக்காரர் அரவிந்தன் எல்லையில் செத்த பிறகு இந்தக் கண்றாவிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிமோட்டைத் தேடுவேன். என் மாமியார் முத்தாயி மட்டும் மாற்ற விடமாட்டாள்.

"இருக்கட்டும் பானு. புள்ள நாலு வார்த்த பேசிக்கிட்டுத்தான போறான்" என்பாள்.

கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் குழந்தை இல்லை. அரவிந்தன் போன பிறகு அரியலூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் எனக்கு வேலை கொடுத்தார்கள். இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று என் அம்மா வீட்டில் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். அத்தையை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் தியாகம் கியாகம் எதுவும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பெட்டி வந்த அன்றைக்கு ஊரே திரண்டு நின்றது. கொடி போர்த்தியிருந்தார்கள். பெரிய அதிகாரிகள் வந்தார்கள், வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பெட்டியில் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி இருந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாய்க்கரிசி போடக் கையில் அரிசியோடு நின்ற பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை முன்னால் போய் அந்தக் கண்ணாடி மேலேயே போட்டாள். அரிசி வழுக்கிக் கீழே கொட்டியது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் வழுக்கியது.

அப்போதுதான் பெட்டியோடு வந்திருந்த சிப்பாயின் கையைப் பிடித்தாள். அவர்தான் செந்தில்குமார் அண்ணன். பாடாலூர்க்காரர், அரவிந்தனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். அவருக்கும் அதே சண்டையில் தோளில் அடி, கட்டு போட்டிருந்தார்.

"தம்பி, எம்புள்ள வாயில தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. சாகிற உயிருக்கு வேண்டியவர்கள் கையால் ஒரு வாய் பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டும். காய்ந்த வாயோடு போன உயிர் தாகத்தோடேயே அலையும் என்பார்கள். வெளியூரிலிருக்கும் மகன் வந்து ஊற்றட்டும் என்று மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

"ஊத்துனேம்மா. எங் கையால ஊத்துனேன். ரெண்டு மடக்கு குடிச்சான். அப்புறந்தான் கண்ண மூடுனான். வலியே தெரியாம போயிட்டாம்மா" என்றார் செந்தில்குமார் அண்ணன்.

அத்தை அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு இன்னொரு பிள்ளை. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் பாடாலூரில் மெயின் ரோட்டு மேலேயே டீயும் டிபனும் போட்டார். கடைக்கு 'மிலிட்டரி ஓட்டல்' என்று பெயர் வைத்துவிட்டதால் லாரிக்காரர்கள் வந்து உட்கார்ந்து மட்டன் சுக்கா கேட்பார்கள். "இங்க மிலிட்டரி நான் மட்டும்தாங்க, மத்ததெல்லாம் சைவம்" என்பார். மாசத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்காக அத்தை கோழி அடிப்பாள். ஆடி அமாவாசைக்குத் திருமழபாடிக்குப் போய்க் கொள்ளிடத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதும் அவர்தான். பங்காளி வீட்டுப் பையன்கள் இருக்கும்போது வேற்று ஆள் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"கடைசித் தண்ணி குடுத்த கை எதுவோ அந்தக் கைதான் இதையும் எறைக்கணும்" என்று அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

இந்தச் சித்திரையில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு டிவி தொடருக்குப் படம் எடுக்க வந்தார்கள். எல்லையில் காவல் இருக்கும் சிப்பாய்களைப் பற்றிய கதை. வெள்ளைப் பாறையும் பள்ளமுமாக இருக்கிற இடம், கொஞ்சம் உப்பும் பஞ்சும் தூவினால் பனிமலை ஆகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அரியலூர்ச் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு அந்தப் பையன்கள் குளிரில் நடுங்குவதாக நடித்தார்கள். இரண்டு பேர் மயக்கம் போட்டு விழுந்தார்கள். உள்ளூர் ஆட்களையும் கூலிக்குப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கலைவாணன், சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், ஒரே சண்டையில் காலையில் நம் பக்கத்துச் சிப்பாயாகச் செத்து, மதியம் சட்டை மாற்றிக்கொண்டு எதிரி பக்கத்துச் சிப்பாயாகவும் செத்துவிட்டு வந்தார். "எந்தப் பக்கம் செத்தாலும் பிரியாணி ஒண்ணுதான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதுவும் அந்தக் கணக்கில்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் படக்காரர்கள் திருச்சி ரோட்டில் போகும்போது செந்தில்குமார் அண்ணன் கடையில் சாப்பிட்டிருக்கிறார்கள். சுவரில் அவர் சீருடையோடு இருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி பிடிப்பதிலிருந்து பெல்ட் கட்டுவது வரை சரிபார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டைரக்டர் சின்ன வயசுக்காரர். எதையும் உள்ளபடி காட்ட வேண்டும் என்கிற வெறி அவருக்கு. எனக்கு அது பிடித்திருந்தது. இனிமேலாவது எவனாவது ஒருவன் பேசாமல் சாகட்டும் என்று நினைத்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. வழக்கம்போல மூன்று பேரும் திருமழபாடிக்குப் போனோம். கொள்ளிடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையெல்லாம் ஒரே கூட்டம். ஐயர் மந்திரம் சொல்லி, எள்ளைக் கையில் கொடுத்து, தண்ணீரை விடச் சொன்னார். செந்தில்குமார் அண்ணன் கையை நீட்டியபடியே நின்றார். எள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயர் இரண்டாம் தடவை சொன்னார், மூன்றாம் தடவை சத்தம் போட்டார். பின்னால் அடுத்த குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. "என்னடா தம்பி, ஒடம்புக்கு என்ன?" என்று அத்தை அவர் முழங்கையைத் தொட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் கையைக் கவிழ்த்தார்.

அத்தை கோயிலுக்குள் போனாள். நான் செருப்புக்குக் காவல் இருக்கிற சாக்கில் வெளியே நின்றேன். அவரும் நின்றார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்லணும். கேட்டுட்டு என்னைய என்ன வேணா திட்டு" என்றார்.

அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். அரவிந்தனுக்குக் குண்டு பட்டது வயிற்றில். விடிந்து கொஞ்ச நேரத்தில் பட்டது. பனிமூட்டம் விலகி ஹெலிகாப்டர் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட அதுவரைக்கும் உயிர் இருந்தது, நினைவும் விட்டு விட்டு இருந்தது. ஒரு பாறை மறைவில் இவர் மடியில் படுத்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் கொடுக்கவில்லை. வயிற்றில் குண்டு பட்டவனுக்கு ஆபரேஷன் மேஜைக்குப் போகும் வரை வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். கொடுத்தால் உள்ளே போய்க் காரியம் கெட்டுவிடும். உதட்டை மட்டும் ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். அரவிந்தன் அந்தத் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்த்ததும் இவர் அதையும் பிடுங்கிவிட்டார். இவர் இடுப்பில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். என் புருஷன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுச் செத்திருக்கிறார், இந்த ஆள் நாலு வருஷமாக எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது திட்ட மனசு வரவில்லை. அவ்வளவு கூட்டத்தில் நின்று அழவும் பிடிக்கவில்லை.

"இத ஏண்ணே இப்ப சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்த டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன் தங்கச்சி. அவரு அத அப்படியே எடுத்துட்டாரு."

"ஏன் சொன்னீங்க?"

கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத்தன வருஷத்துல யாரும் என்னையக் கேக்கல. ஆபீசர்லேருந்து ஊர்க்காரன் வரைக்கும் எல்லாரும் வீர மரணம், வீர மரணம்னாங்க. அந்தப் பையன் ஒருத்தந்தான் 'அண்ணா, நெஜமா எப்படி இருக்கும், எப்படிச் சாவாங்க'ன்னு கேட்டான். கேட்ட ஒடனே எல்லாத்தையும் கொட்டிட்டேன். பேரு ஊரு எதையும் சொல்லல. அப்புறமா போயி, தண்ணி குடுக்கற மாதிரி மாத்திக் குடுங்க தம்பின்னு கெஞ்சுனேன். 'அதுதாங்க சீனே'ன்னுட்டான்."

ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்தப் பகுதி வருகிறது என்று அவர் போனில் சொன்னார். அத்தையை எப்படியாவது டிவி பக்கமே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, இருந்த நிலத்தையும் குத்தகைக்கு விட்டாயிற்று. அந்த இரண்டு மடக்குத் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம். தினமும் படத்துக்கு விளக்கேற்றும்போது, "தாகமில்லாமப் போனியே, அது போதும்டா" என்று அவள் சொல்வதைக் கேட்டுத்தான் நான் ஆபீஸுக்குக் கிளம்புவேன். அதைப் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவோம் என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புரட்டாசி வந்தா சனிக்கெழம சனிக்கெழம போவத்தான் போறோம். இன்னைக்கு நம்ம குவாரில எடுத்ததப் போடுறான் புள்ள. கலைவாணன் சாவுறத ஊரே பாக்குது, நம்ம பாக்க வேணாமா?" என்றாள். எங்கள் வீட்டு டிவியில் கேபிள் வயரை முந்தின நாளே பிடுங்கி வைத்திருந்தேன். அதனால் என்ன, கலைவாணன் பெண்டாட்டி ஜெயசித்ரா நேரிலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருவில் பாதிப்பேர் அவர்கள் வீட்டு ஹாலில் இருந்தார்கள். அத்தைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், பட்டாளத்தான் அம்மா என்பதற்காக.

கலைவாணன் முதல் தடவை செத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாம் தடவை அவர் எதிரியாக வந்தபோது மீசையை வைத்து ஜெயசித்ரா கண்டுபிடித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அந்தப் பாறை வந்தது. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புப் பாறைதான். ஆனால் அது எங்கள் ஊர் மாதிரியே இல்லை. ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் மடியில் கிடந்தான். பின்னணியில் பாட்டு இல்லை, வசனம் இல்லை. மூச்சு விடுகிற சத்தமும் காற்றுச் சத்தமும்தான். அவன் தாய்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தண்ணி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தண்ணி" என்றான். மற்றவன் துணியால் உதட்டைத் துடைத்தான், அவன் அதைக் கடித்தான், இவன் பிடுங்கினான். அந்தப் பையன் நன்றாக நடித்திருந்தான். நான் எத்தனையோ தடவை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று சொன்னவள். அன்றைக்கு அந்த டைரக்டர் என் கையில் கிடைத்திருந்தால் செருப்பாலேயே அடித்திருப்பேன்.

"அடப் பாவி, ஒரு வாய் ஊத்துனா இவன் என்ன கொறஞ்சா போயிடுவான்" என்றாள் ஜெயசித்ரா. "தவிச்ச வாய்க்குத் தண்ணி தராதவன் வெளங்குவானா? இவனெல்லாம் ஒரு கூட்டாளி."

அடிபட்டவனின் பையைக் காட்டினார்கள். அதில் பாதி தீர்ந்த பூண்டுப் பொடி, ஒரு ஊறுகாய் பாட்டிலில். மூடி மேல் மஞ்சள் துணி சுற்றி, சணலால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பொடி அனுப்பும்போது அத்தை இப்படித்தான் கட்டுவாள். ஈரம் ஏறாது என்பாள். செந்தில்குமார் அண்ணன் இதையும் சொல்லியிருக்கிறார், அதை என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார். நான் அத்தையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

கடைசியில் எழுத்து ஓடியபோது, நன்றி, முன்னாள் ராணுவ வீரர் செந்தில்குமார், பாடாலூர் என்று வந்தது. யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். "நம்ம செந்திலுப்பா" என்று கலைவாணன் பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தை முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். ரேஷன் அரிசி கூட இல்லை, கடை அரிசி. அதில் பொறுக்க ஒன்றும் இருக்காது. வெகுநேரம் பொறுக்கினாள்.

"நீ தெரிஞ்சுதான் கோயிலுக்குக் கூப்புட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க அத்த."

"நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லு."

மறுநாள் காலையில் பெரம்பலூர் பஸ் பிடித்து, அங்கே திருச்சி பஸ்ஸுக்கு மாறிப் பாடாலூரில் இறங்கினோம். வழியெல்லாம் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டிபன் நேரம் முடிந்து கடையில் ஆள் இல்லை. செந்தில்குமார் அண்ணன் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வாங்கம்மா என்று கூடச் சொல்லவில்லை. அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் வந்து, உட்காராமல் நின்றார்.

"அந்தப் பாட்டிலு நா குடுத்தனுப்புனது" என்றாள் அத்தை.

"ஆமாம்மா."

"அப்ப அது எம்புள்ள."

"ஆமாம்மா."

"தண்ணி கேட்டானா?"

"கேட்டாம்மா."

"நீ குடுக்கல."

"குடுக்கல."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் வயிற்றுக் காயத்தைப் பற்றிச் சொன்னார், ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எப்படியும் போயிட்டான்ல. போறவனுக்கு ஒரு வாய் ஊத்தியிருக்கலாம்ல?"

"போயிடுவான்னு நா நெனக்கலம்மா. பொழச்சுடுவான்னுதான் நெனச்சேன். இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணி குடுத்தா நானே அவன முடிச்சுட்ட மாதிரி ஆயிடும்னு பயந்தேம்மா. சாவுறவனுக்குத்தான தண்ணி ஊத்துவாங்க. நா எப்படி ஊத்துவேன்?"

அத்தை ரோட்டைப் பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பொழைக்கணும்னுதான குடுக்கல" என்றாள். "சரி. விடு. ஒன்னையக் கொற சொல்லி என்ன ஆவப்போவுது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் குனிந்து அவள் மடிக்குப் பக்கத்தில் நெற்றியை வைத்து அழுதார். அத்தை முதுகைத் தடவிக் கொடுத்தாள். இவ்வளவு பெரிய மனசுக்காரியைக் கேபிள் வயரைப் பிடுங்கிக் காப்பாற்றப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அவரும் எழுந்து போய் முகம் கழுவி அடுப்பைப் பற்ற வைத்தார். அப்போதுதான் அத்தை கேட்டாள்.

"அந்த டிவிப் பய கடைசில ஒண்ணும் சொல்லாமயே போயிட்டான். எம்புள்ள அப்படிப் போயிருக்க மாட்டான். எதாச்சும் சொல்லியிருப்பான். என்ன சொன்னான் தம்பி?"

பால் பாத்திரத்தை வைத்த கை அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, டைரக்டரிடமும் சொல்லாத, என்னிடமும் சொல்லாத ஏதோ ஒன்று இன்னும் இருக்கிறது என்று. வேண்டாம் என்று அத்தைக்குத் தெரியாமல் தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார். பார்த்தும், "இனிமே உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா" என்றார்.

"அத்த, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"நீ சும்மா இரு. சொல்லு தம்பி."

"கடைசில அவனுக்குக் கண்ணு தெரியலம்மா. நா யாருன்னு புரியல. அதுவரைக்கும் மாப்ள மாப்ளன்னு கூப்புட்டவன், எங் கையப் புடிச்சுக்கிட்டு 'அம்மா, தண்ணி குடும்மா'ன்னான். நா செந்திலுடான்னு சொன்னேன். காதுல ஏறல. 'ஏம்மா குடுக்க மாட்டேங்குற, நா என்னம்மா பண்ணேன்'னான். அதாம்மா கடைசி. அதுக்கப்புறம் பேசல."

அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. அத்தை பிடித்திருந்த முந்தானையை விட்டாள், மறுபடியும் பிடித்தாள்.

"அப்ப நாந்தான் குடுக்கலன்னு நெனச்சுக்கிட்டே போயிருக்கான்" என்றாள்.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்து இல்லை என்பது? செந்தில்குமார் அண்ணன் அடுப்பை விட்டு ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, "நினைவு தப்பிச் சொன்னதும்மா, அவனுக்கே தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்குச் சொன்ன பொய்யவே இன்னைக்கும் சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றாள். "நாலு வருஷம் அத வச்சுத்தான நா சோறு தின்னேன்."